துணிப்பையா, ஃப்ரிட்ஜ் பாட்டிலா?

மாடித்தோட்டத்து வெண்டை விதையில் பாதியைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைத்தேன். மீதியை நன்றாக உலர்த்தி, இறுக்கமூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஆடியில் விதைத்தபோது துணிப்பை விதையில் பத்துக்கு நாலுதான் முளைத்தது. பாட்டிலில் ஒன்பது.

துணிப்பையில் காற்றோட்டம் உண்டு, சரி. ஆனால் சென்னையில் காற்றே ஈரம். ஐப்பசி மழையில் உப்பு ஜாடியே நீர்விடும்போது விதை மட்டும் சும்மா இருக்குமா? ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுவாசம் கூடி உள்ளிருக்கும் சத்து கரையும், பூஞ்சையும் வண்டும் சேரும்.

விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலோ, வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலோ ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதையியலின் பழைய கணக்கு. ஃப்ரிட்ஜ் ஜெயிப்பது இதனால்தான். உலர்த்தாமல் மூடினால் மட்டும் உள்ளேயே புழுங்கிவிடும். கடித்தால் பல் பதியாமல் டக்கென்று உடைய வேண்டும். அப்புறம், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் தணியட்டும், இல்லையென்றால் விதையும் வியர்க்கும்.

அடுத்த வாரமே தூவப்போகும் கீரைக்குத் துணிப்பை போதும். சீக்கிரம் வீரியம் இழக்கும் வெங்காய விதைக்கு ஃப்ரிட்ஜ்தான். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் இரண்டிலும் சேராது, உலர்ந்தாலே செத்துவிடும்.