கிராமத்து வீட்டுக்கு இணையம்: கேபிள்காரர் ஃபைபரா, 5ஜி பெட்டியா?

சோழவந்தானைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் வீடு. வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்ட முடியவில்லை. கையில் இருந்த வழிகள் இரண்டு: உள்ளூர் கேபிள்காரர் இழுத்துத் தரும் ஃபைபர் (ஒளி வழியாக இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயர்), இல்லையென்றால் மொட்டை மாடியில் ஆன்டெனா மாட்டி டவரிலிருந்து சிக்னல் எடுக்கும் 5ஜி பெட்டி. நாங்கள் போட்டது ஃபைபர்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டிலும் படம் ஓடும், மீட்டிங் ஓடும். டவரை ஊரிலுள்ள போன்களும் பங்கு போடுவதால் ராத்திரியில் 5ஜி கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ரிப்பேருக்கு யார் வருவார் என்பதைத்தான். ஃபைபர் அறுந்துபோகிற சாமான். அறுவடை முடிந்ததும் வைக்கோலை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு வரும் லாரி, ரோட்டின் குறுக்கே போகும் ஒயரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தென்னை மட்டை விழும். அணில் கடிக்கும். வாய்க்கால் தூர்வார வரும் ஜேசிபியைச் சொல்லவே வேண்டாம். மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால் லைன் போச்சு.

ஆனால் போன் போட்டால், "மட்டை விழுந்திருக்கும்ணே, வாரேன்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. பைக்கில், அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வருவார். தலைமுடி கனத்தில் இருக்கும் இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை வெட்டி மெஷினுக்குள் வைத்தால், மின்பொறியில் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வந்து சேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைப் பார்ப்பார். அளவு மைனஸ் 20 டிபிஎம்-ஐ (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால் லைன் விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் ஒளியைத் தின்னும் என்பதால், ஒட்டு கூடிப்போனால் கம்பத்திலிருந்து வீடு வரை புது ஒயரே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

5ஜி பெட்டியில் அறுந்துபோக இவ்வளவு நீள ஒயர் இல்லை, அது பெரிய வசதி. ஆனால் கோளாறு டவரில் என்றால் கால் சென்டரோடுதான் பேச வேண்டும். இதை நான் அலங்காநல்லூர் பக்கம் மைத்துனர் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். வாடகை வீடு என்றாலோ, கேபிள் எட்டாத ஒற்றைத் தோட்டத்து வீடு என்றாலோ நானும் அதைத்தான் வாங்குவேன்.

செயற்கைக்கோள் வழியும் உண்டு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை என்றால், சிக்னல் போய்த் திரும்பவே அரை நொடி ஆகும். பேச்சுக்குப் பேச்சு மோதும்.

ஃபைபர் போடுவதற்கு முன் கேபிள்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமா? கரண்ட் போனால் அவர் பக்கத்து மெஷின்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் நம் வீட்டு மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தினால் மட்டும் அதன் பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது.