பார்படோஸில் ஐந்து பனிக்காலம்: காசு போன வழியும் போயிருக்க வேண்டிய வழியும்

2016 ஜனவரியில் முதன்முறை கரிபியன் தீவான பார்படோஸுக்குப் போனோம். அதன்பிறகு 2018, 2020, 2023, 2025. ரொறன்ரோவிலிருந்து நேர்விமானத்தில் ஐந்து மணித்தியாலம் அளவில்தான், நேர வித்தியாசம் ஒரு மணி. காலையில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டுப் புறப்பட்டால் பின்னேரம் கடலில் கால் நனைக்கலாம். விமானம் மாறி ஏறவேண்டிய தீவென்றால் ஒரு வார விடுமுறையில் இரண்டு நாள் வழியிலேயே கரைந்துவிடும். அந்தக் கணக்கில்தான் இந்தத் தீவைப் பிடித்தோம்.

முதல் பயணத்தை நானே கெடுத்தேன். கணினியில் படம் பார்த்து ஹொட்டேல் பிடித்தேன். பாறை உச்சியில் வெள்ளைக் கட்டடம், கீழே நுரை பொங்கும் கடல், அறைக்குள்ளிருந்தே சூரிய உதயம். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடலைப் பார்க்கலாம், குளிக்க முடியாது. தீவு 34 கிலோமீற்றர் நீளம், 23 கிலோமீற்றர் அகலம், அவ்வளவுதான். ஆனால் கிழக்குப் பக்கம் திறந்த அத்திலாந்திக். கிழக்கிலிருந்து விடாமல் வீசும் வணிகக் காற்று அங்கிருந்துதான் அடிக்கிறது. பாத்ஷீபாப் பக்கம் அலைச் சறுக்குக்காரர்களுக்கு மட்டுமே சரி. மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைவு, தண்ணீர் குளம் போலக் கிடக்கும். திறந்த பருத்தித்துறைக் கடலும் களப்போரப் பாசையூர்க் கடலும் ஒன்றா? யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்கத் தேவையில்லை. அந்த ஏழு நாளும் பிள்ளைகள் ஹொட்டேல் நீச்சல் தடாகத்துக்குள்ளேயே கிடந்தார்கள். நீச்சல் தடாகம் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இருக்கிறது.

அதனால் யார் கேட்டாலும் முதலில் கரையைத் தெரிவு செய்யுங்கள், ஹொட்டேலை அப்புறம் பார்க்கலாம் என்கிறேன். ஹோல்டவுனிலிருந்து ஸ்பைற்ஸ்டவுன் வரையான மேற்குக் கரைதான் விலை கூடியது. 1961இல் திறந்த சாண்டி லேன் ஹொட்டேலும் ஹோல்டவுனுக்குப் பக்கத்தில்தான். ஆனால் இந்தத் தீவில் கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய ஹொட்டேலின் முன்னாலும் நீங்கள் துவாயை விரித்துப் படுக்கலாம். அவர்களுடைய சாய்கதிரையில் படுப்பதுதான் பிரச்சினை. எங்களுக்குப் பிடித்தது பேய்ன்ஸ் பே கடற்கரை.

அடுத்தது எந்த வாரம் என்பது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை மறந்துவிடுங்கள். பல இடங்களில் பத்து, பதினான்கு இரவுக்குக் குறைத்துத் தரவே மாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வருடா வருடம் வருகிறவர்கள், கிளம்பும்போதே அடுத்த வருடத்துக்கு அதே அறையைச் சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜனவரி 5 தாண்டினால் விலை ஓரளவு இறங்கும், வெயில் அதே வெயில். ஒன்ராறியோப் பாடசாலைகளின் மார்ச் விடுமுறையில் திரும்ப ஏறும். நாங்கள் ஜனவரி இரண்டாம் வாரம் போவதற்காகப் பாடசாலைக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

2018இல் சாப்பாடு, குடி எல்லாம் அடங்கிய ஹொட்டேல். வசதி, மறுக்கவில்லை. ஆனால் காசு கட்டியாயிற்றே என்று வெளியே சாப்பிட மனம் வராது. வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில் மீன் வாட்டும் புகைக்கு நடுவே வாங்கில் இருந்து சாப்பிடாமல், குளிரூட்டிய மண்டபத்தில் பாஸ்ரா சாப்பிட்டோம். மூன்றாம் பயணத்திலிருந்து சமையற்கார அம்மாவோடு வாடகைக்குக் கிடைக்கும் வீட்டுக்கு மாறினோம். மேற்குக் கரையில் இது வழமையான ஏற்பாடு. நான்கு பேருக்குக் கணக்குப் பார்த்தால் அந்த வரிசையில் இரண்டு நல்ல ஹொட்டேல் அறையை விட மலிவாகவே வந்தது. அறிவித்த விலைக்கு மேல் வரியும், அநேகமாகப் பத்து வீதச் சேவைக் கட்டணமும் ஏறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா செய்த கூகூவை முதலில் பார்த்ததும் என் மனைவி "இது களியல்லவா" என்றாள். சோளமாவும் வெண்டிக்காயும், தட்டையான மரக்கட்டையால் விடாமல் கிண்டவேண்டும், மேலே பறவைக்கோலா மீன் குழம்பு. அந்த நாட்டின் தேசிய உணவே அதுதான். பதிலுக்கு மனைவி ஈரப்பலாக்காயில் பால்கறி வைத்தாள். அங்கே ஈரப்பலா வீட்டுக்கு வீடு நிற்கிறது, ஆனால் அவிப்பார்கள், நெருப்பில் வாட்டுவார்கள், பொரிப்பார்கள். அந்த அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, மஞ்சள் நிற மிளகாய் சோஸ் போத்தலை எடுத்து அதன்மேல் ஊற்றினார். அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

இனி ஒரு எச்சரிக்கை. 2020இல் கடற்கரையில் திடீரென்று மழை. மகள் ஓடிப்போய் ஒரு மரத்தடியில் ஒதுங்கினாள். துணி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி பையை எறிந்துவிட்டு ஓடிவந்து அவளை இழுத்து வெளியே விட்டார். அடிமரத்தில் சிவப்பு வளையம் அடித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மான்சினீல் மரம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், இலையில் பட்டு வடியும் மழைத்துளியும் அப்படியே. கீழே சின்னப் பச்சை அப்பிள் போலக் காய் கிடக்கும், வாயில் வைக்கவே கூடாது. மகளுக்குத் தோளில் இரண்டு நாள் எரிச்சல், நல்லகாலம் அதோடு போயிற்று. வரவேற்புக் கூடையில் பழமும் பூவும் வைத்த வீட்டு முகவர் இதைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.

டாக்சிகளில் மீற்றர் இல்லை. ஏறுமுன் விலை கேட்கவேண்டும், கூடவே "எந்த டொலர்?" என்றும் கேட்கவேண்டும். ஓர் அமெரிக்க டொலருக்கு இரண்டு பார்படோஸ் டொலர் என்று 1975இலிருந்து கட்டி வைத்திருக்கிறார்கள். சாரதி சொன்னது உள்ளூர் டொலர், நான் கொடுத்தது அமெரிக்க டொலர் என்று ஒருமுறை இரட்டிப்பாக அழுதிருக்கிறேன். இப்போது ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுக்கிறோம். இடப்பக்கம் ஓட்டும் நாடு. வாடகைக் காரின் இலக்கத் தகடு ‘எச்’ எழுத்தில் தொடங்குவதால், நாங்கள் தடுமாறும்போது ஊர்க்காரர் பொறுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், பிள்ளைகளின் பெட்டியில் ஆமி உடுப்புப் போன்ற புள்ளித்துணி இருந்தால் எடுத்து வையுங்கள். அங்கே பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். ஏன் என்று போரைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான சாமான் கப்பலில் வருவதால் கடை விலை ரொறன்ரோவை விடக் கூட. 2023இல் வடக்கே எங்கோ அடித்த புயலின் அலை வந்து, குளம் போன்ற எங்கள் மேற்குக் கரையை மூன்று நாள் புரட்டிப் போட்டது. மணல் ஆளுயரப் படியாக அறுந்திருந்தது. பனிக்காலத்தில் இது இடைக்கிடை நடக்கும். 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் சூறாவளி தீவின் தெற்கே கடந்தபோது மீன்பிடிப் படகுகள் ஏராளம் நொறுங்கின. அடுத்த ஜனவரியில் எங்கள் சமையற்கார அம்மா மீன் வாங்கப் போய் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார். கோழி சமைத்துத் தந்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போல நின்றார்.

அடுத்த ஜனவரிக்கும் அதே வீட்டைத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். மகள் வரமாட்டாளாம், பல்கலைக்கழகத்தில் பரீட்சை. ஓர் அறையைப் பூட்டி வைத்தால் வாடகை குறையுமா என்று கேட்டு எழுதினேன். குறையாதாம்.