பொறியியல் மாணவரை ஆலைக்குள் எடுப்பது: சில வாரங்களா, ஒரு பருவமா, இரு தவணையா?

கோடை விடுமுறை நெருங்கும்போது கடலூர் சிப்காட் வளாகத்து ஆலைகளுக்கும் புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகளுக்கும் கல்லூரிகளிடமிருந்து கோரிக்கைக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். சிதம்பரம், பண்ருட்டி, புதுச்சேரி என எந்த ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தாலும், அவற்றுள் சில இரண்டு வார இன்பிளான்ட் டிரெய்னிங் கேட்பவை, சில இறுதிப் பருவம் முழுவதற்கும் இடம் கேட்பவை, இன்னும் சில படிப்புக்கு இடையிலேயே இருமுறை மாணவரை அனுப்பும் சாண்ட்விச் முறையைச் சேர்ந்தவை. உதவித்தொகை எவ்வளவு என்பதை வைத்தே பெரும்பாலான நிறுவனங்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுவன்று. அந்த மாணவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் போகும் பொறியாளருடைய நேரம் எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதே.

குறுகிய காலப் பயிற்சியில் அது திரும்பக் கிடைப்பது அரிது. இரசாயன ஆலை என்றால் நுழைவுச் சீட்டு, பாதுகாப்பு வகுப்பு, ஆலையைச் சுற்றிக் காட்டுதல் என்று முதல் சில நாட்கள் கழிந்துவிடும். வொர்க் பெர்மிட் எனும் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாத இடத்தில், எஞ்சிய நாட்களில் மாணவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சான்றிதழோடு போய்விடுவார். ஆயினும் முன்கூட்டியே ஒரு சிறு கேள்வியைத் தயாராக வைத்திருந்தால் இந்த இரண்டு வாரமும் வீணாகாது. நீராவிக் குழாய்களில் நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்கள் எத்தனை, அவற்றுள் எவை அடைத்துக் கிடக்கின்றன, எவை நீராவியை வீணே கசிய விடுகின்றன என்று, ஓர் ஆபரேட்டரின் துணையோடு வெப்பமானியைக் கொண்டு சோதித்து, வரைபடத்தில் குறித்துத் தருவது இரண்டு மாணவர்களால் முடிகிற வேலை. அன்றாடப் பணிகளுக்கு நடுவே மெயின்டெனன்ஸ் பிரிவு தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் வேலையும்கூட. அப்படியொரு கேள்வி கைவசம் இல்லாத நிறுவனம் கடிதத்துக்கு மறுப்பு எழுதிவிடுவதே நேர்மை.

எட்டாம் பருவம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும் இன்டர்ன்ஷிப் இதைவிடப் பலமடங்கு பயன்தருவது. புதுச்சேரியில் உள்ள சிறு மென்பொருள் நிறுவனத்துக்கும், உரிமையாளரே வழிகாட்டியாக இருக்கும் இயந்திரப் பட்டறைக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். அங்கே வேலையின் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆர்டரோ ஒரு வெளியீடோ, நான்கு மாதத்துக்குள் தொடங்கி முடிந்துவிடுவதால் மாணவர் முதலும் முடிவும் பார்த்துவிடுகிறார். இதிலுள்ள குறை, வளாக நேர்காணல், புராஜெக்ட் வைவா என்று கல்லூரி அவரை அடிக்கடி திரும்ப அழைத்துக்கொள்வது. எந்தெந்த நாட்களில் வரமாட்டார் என்பதைத் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டால் மனக்கசப்பு குறையும்.

கோ-ஆப் எனப்படும் முறை வேறு வகை. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கியதும், 1957 முதல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் பின்பற்றிவருவதுமான இம்முறையில் படிப்பும் வேலையும் மாறி மாறி வரும். நம்மிடம் இதற்கு நெருங்கிய உறவு சாண்ட்விச் படிப்பு: கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு ஒரு வகை. பாலிடெக்னிக்குகளின் மூன்றரை ஆண்டு டிப்ளமோ இன்னொரு வகை. பின்னதில் மாணவர் நான்காம் பருவத்திலும் ஏழாம் பருவத்திலும் தொழிற்சாலையில் இருப்பார்.

இரண்டாம் முறை வருகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஆண்டு ஷட்டவுனில், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எனும் வெப்பப் பரிமாற்றி ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் குழாய்க் கட்டான பண்டிலை வெளியே இழுக்கிறார்கள் என்று கொள்வோம். எந்தக் குழாய்கள் ஓட்டையாகிப் பிளக் அடித்து அடைக்கப்பட்டன, எங்கே உப்புப் படிவு தடித்திருக்கிறது என்பதை, குழாய்களின் முனைகள் பொருந்தியிருக்கும் முகத்தகட்டின் படத்தில் ஒவ்வொரு வட்டமாகக் குறிப்பது முதல் தவணை மாணவருக்கு ஏற்ற வேலை. அடுத்த தவணையில் அதே பண்டில் மீண்டும் வெளியே வரும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, தேய்மானம் நீர் நுழையும் பக்கத்தில் கூடுகிறதா, ஓரத்து வரிசைகளில் கூடுகிறதா என்று சொல்லக்கூடியவர் அவரே. கடற்காற்றில் இரும்பு வேகமாக அரிக்கும் கடலூரில் இது பயிற்சிக்காகச் செய்யும் பயிற்சி அல்ல. அடுத்த ஆண்டு எத்தனை குழாய் வாங்கி வைப்பது என்று ஸ்டோர்ஸ் எழுதும் இன்டென்ட் எனும் கொள்முதல் கோரிக்கை வரைக்கும் போகும் செய்தி. இரண்டாம் முறை பாதுகாப்பு வகுப்பும் நினைவூட்டலாகச் சுருங்கிவிடும். ஃபிட்டர்களின் பெயரும் பழக்கமும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இதற்கு நிறுவனம் தரும் விலை, வியாபாரம் மந்தமான ஆண்டிலும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதும், முதல் வழிகாட்டி வேலையை விட்டுப் போனாலும் குறிப்பேடு போகாமல் பார்த்துக்கொள்வதும். தவணை ஷட்டவுனோடு பொருந்துகிறதா என்று கல்லூரியின் நாட்காட்டியைக் கேட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக்கூடாது.

இவற்றோடு போட்டியிடும் நான்காவது வழி, படிப்பை முடித்தவரைத் தொழில் பழகுநராக (அப்ரண்டிஸ்) ஓராண்டுக்கு எடுப்பது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள், 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்றும், குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்றும் வகுத்தன. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஈடுசெய்யும் ஏற்பாடும் உண்டு. கணக்குப் பிரிவுக்கு இதுவே இனிக்கும். பன்னிரண்டு மாதம் இடைவிடாமல் ஒருவர் இருப்பார் என்பது ஷிஃப்ட் பொறியாளருக்கும் இனிக்கும். ஆனால் ஆண்டு முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடும் வாய்ப்பு மாணவரைவிடப் பழகுநருக்கே அதிகம்.

சட்டப் பாதுகாப்பில் மட்டும் இந்த நான்காவது வழி மற்ற மூன்றையும் மிஞ்சுகிறது. பதிவுபெற்ற பழகுநர் தொழிலாளர் அல்லர் என்றாலும் பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு உரிமையாளருடையது. வெறும் கல்லூரிக் கடிதத்தோடு வந்த மாணவருக்கு இவ்வளவு தெளிவான நிலை இல்லை. பட்டமோ டிப்ளமோவோ பெறுவதற்காகப் பயின்றுகொண்டிருப்பவரையும் அச்சட்டத்தின் வரையறை உள்ளடக்குவதால், நூறு பேர் வேலைபார்க்கும் சிப்காட் ஆலை தான் எடுத்தாக வேண்டிய மூன்று பழகுநர் இடங்களில் ஒன்றையாவது சாண்ட்விச் மாணவருக்கு ஒதுக்க இயலுமா என்று சென்னையில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவ்வாரியத்தின் எல்லைக்குள் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்தே வருவதால், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மாணவருக்கும் அதே அலுவலகம்தான்.