வீட்டிலேயே காய்கறி நிறம்: எந்த முறை நிலைத்தது, எதை விட்டேன்

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அந்த ரோஸ் நிறம் துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கோயில் திருவிழாவில் என் மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். தடைச் செய்தி வந்த அன்றைக்கே சமையலறையில் இருந்த கலர் பொடி டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டேன். அப்போதிலிருந்து வீட்டுக்கும், தீபாவளிக்குத் தெரிந்தவர்கள் கேட்கும் பலகாரத்துக்கும் காய், கீரை, பூவிலிருந்தே நிறம் எடுக்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். நறுக்கி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டுவது. பீட்ரூட் தண்ணீர் பார்க்க அவ்வளவு சிவப்பாக இருக்கும். அதை ஊற்றி ரவையைக் கிளறினால், கேசரி இறக்குவதற்குள் பழுப்படித்துவிடும். சோடா போட்ட கேக்கில் இன்னும் மோசம். எவ்வளவு நிறம் இறங்குகிறது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய்ச் சேருகிற பண்டத்தில் சூடு எவ்வளவு, புளிப்பு உண்டா, சோடா உண்டா, தண்ணீரா நெய்யா என்று பார்க்கவே இல்லை. இப்போது முதலில் பலகாரத்தை முடிவு செய்கிறேன், அப்புறம்தான் முறை.

பீட்ரூட்டுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, பச்சையாகத் துருவி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பது. லேசான புளிப்பு அந்த நிறத்தைக் காக்கும். சூடும் வெளிச்சமும் காற்றும் கெடுக்கும். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கட்டியைப் போட்டுக் கலந்தால் நிறம் அப்படியே நிற்கிறது. இன்னொன்று பொடி. தேங்காய் பர்பிக்குள் தண்ணீர் போகக்கூடாது, அதனால் அங்கே பொடிதான். முதல் தடவை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து வெளிறிப்போனது. இப்போது மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஃபேன் ஓடும் அறையில் நிழலிலேயே காயவைக்கிறேன். 1 கிலோவுக்கு ஏறக்குறைய 100 கிராம் கிடைக்கும். மழைக்காலத்தில் முயற்சி செய்யாதீர்கள், பூசணம் பிடித்துவிடும். மண்வாசனை மட்டும் கொஞ்சம் இருக்கும், ஏலக்காய் அதை அடக்கிவிடும்.

நடுவில் சோம்பல்பட்டு ஒரு கடையில் பீட்ரூட் பொடி வாங்கினேன். கேசரியில் எவ்வளவு கிளறியும் மங்கவே இல்லை. சந்தேகம் வந்து, கொஞ்சம் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பீட்ரூட் சாறு அதில் மஞ்சளாகிவிடும்; என் சொந்தப் பொடி அப்படித்தான் மாறியது. கடைப் பொடி சிவப்பாகவே நின்றது. குழந்தைகள் சாப்பிடுகிற பொருள். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

மஞ்சளும் கேரட்டும் தண்ணீருக்கு ஒத்துவராது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் வண்டலாக இறங்கும். நான் வடிகட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த என் மாமியார், "அதை நெய்யில போடு கண்ணு, தாளிப்புல போட்டாத்தானே நெறம் ஏறுது" என்றார். யோசித்துப் பார்த்தால் குழம்பில் எண்ணெய் பிரியும்போது மிளகாய்ச் சிவப்பு முழுக்க அந்த எண்ணெயோடுதான் மேலே மிதக்கிறது. 1 பெரிய கேரட்டைத் துருவி, 4 ஸ்பூன் நெய்யில் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை வைத்து வடிகட்டினால் நல்ல ஆரஞ்சு நெய் கிடைக்கும். கேசரிக்கு இப்போது அதுதான்.

என்னை அதிகம் படுத்தியது பச்சை. கீரையின் பச்சையம் சூட்டிலும் புளிப்பிலும் தன்னிடமுள்ள மக்னீசியத்தை இழந்து காக்கிப் பச்சையாகிவிடுகிறது. பல தடவை கெடுத்த பிறகு கைவந்த முறை இது: பாலக்கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, அரைத்து, துணியில் வடிகட்டவேண்டும். அந்தச் சாற்றைக் கொதிக்கவிடாமல் மெல்லச் சூடாக்கினால் பால் திரிவதுபோலப் பச்சை தனியாகத் திரண்டு வரும். அதை மட்டும் வடித்து எடுத்தால், இரண்டு கட்டுக் கீரைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன்தான் தேறும். ஆனால் கீரை வாசனை வெகுவாகக் குறைந்துவிடும், குல்ஃபிக்குக்கூடச் சேர்க்கலாம். சிலர் செம்புப் பாத்திரத்தில் வைத்தால் பச்சை நிற்கும் என்பார்கள். நிற்கும்தான், ஆனால் உணவில் செம்பு இறங்குவதால் நான் அதைத் தொடுவதில்லை.

சங்குப்பூவில் பெரிய வேலை இல்லை. காம்பைக் கிள்ளிவிட்டு, காய்ந்த பூ பத்தை ஒரு கப் வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் இடியாப்ப மாவுக்கு நீலம் தயார். எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். கறுப்பு கவுனி ஊறிய தண்ணீரையும் இப்படிப் பயன்படுத்தலாம், ஆனால் சோடா போட்ட ஆப்ப மாவில் அதைச் சேர்த்தபோது அழுக்குப் பச்சையாகிவிட்டது.

ஆல்கஹாலில் ஊறவைத்தால் நிறம் நன்றாக இறங்கும் என்று படித்துவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டை யாரும் எடுத்துவிடாதீர்கள். அது குடிக்க முடியாதபடி விஷம் கலந்து விற்கப்படுவது. வீட்டுக்குத் தண்ணீரும் நெய்யும் போதும்.

இப்போது எங்கள் வேலியில் கொடிப்பசலை காய்த்துக் கிடக்கிறது. அந்தக் கறுத்த பழத்தில் இருப்பதும் பீட்ரூட் வகை நிறம்தான். அதனால் கொதிக்கவைக்காமல் பிழிந்து, எலுமிச்சை விட்டு, நேற்று ஒரு தட்டு உறையவைத்திருக்கிறேன்.