சாங்கி ஜொகூர் பேட்டரி: சுரங்கத்துக்குள் போக முடியாது, ஆனாலும் போய்ப் பாருங்கள்

ஜொகூர் பேட்டரி என்பது சிங்கப்பூரின் சாங்கியில் பிரிட்டிஷார் அமைத்த பழைய பீரங்கித் தளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். குண்டுகளை அடுக்கி வைத்திருந்த அறைகள் காலுக்கடியில் இருக்கின்றன, நாம் மேலே நின்று பார்ப்பதோடு சரி. டார்ச் லைட்டோடு வந்த என் பையனுக்கு முகமே வாடிவிட்டது.

மற்றபடி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பஸ் ஏறி, அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இறங்கி, கோஸ்ஃபோர்ட் ரோட்டுக்குள் நடக்க வேண்டும். கட்டணம் கிடையாது. சுற்றிலும் மரம், புல், அமைதி. நடுவில் 15 அங்குலப் பீரங்கியின் மாதிரி, கூடவே ஒரு குண்டு. ஒரு குண்டே 800 கிலோவுக்கு மேல், ஆள் தூக்குகிற எடையா அது, கீழேயிருந்து இயந்திரம் வைத்துத்தான் மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

இப்படி 3 பீரங்கிகள் இருந்தன. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு பக்கத்தில், இன்றைய மலேசியாவில் இருக்கும் ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார், அதில் ஒரு பகுதி இதற்குச் செலவானது, அதனால்தான் சாங்கியில் இருப்பதற்கு ஜொகூர் என்று பெயர். செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காப்பதற்காக வைத்தவை. என் தாத்தா அந்த நேவல் பேஸில் வேலை பார்த்தவர், அங்கே நின்றபோது அவர் நினைப்பாகவே இருந்தது.

பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்தே இருந்ததால்தான் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவசியம் போக வேண்டும். 1942 பிப்ரவரியில் இங்கிருந்து தரைப்பக்கம், ஜப்பானியர் இருந்த ஜொகூர் பாரு பக்கமே திருப்பிச் சுட்டிருக்கிறார்கள்! சிக்கல் குண்டில்தான். பெரும்பாலும் கப்பலின் கவசத்தைத் துளைக்கச் செய்தவை, தரைப்படை மேல் போட்டால் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துபோய் வெடிக்கும், சேதம் குறைவு. சரணடைவதற்கு முன்னால் பிரிட்டிஷாரே பீரங்கிகளைத் தகர்த்துவிட்டார்கள். போருக்கு அப்புறம் மூடிய சுரங்கம் 1991இல் சிறைத்துறை கண்டுபிடிக்கும்வரை அப்படியே கிடந்தது.

பலகைகளை நிதானமாகப் படித்தால் அரை மணி நேரம் ஆகும். வெயிலுக்குக் குடை, குடிக்கத் தண்ணீர் இரண்டும் கையில் இருக்கட்டும். 5க்கு 4 கொடுக்கிறேன். வருஷத்தில் நாலு நாளாவது வழிகாட்டியோடு பத்துப் பத்துப் பேராகக் கீழே அழைத்துப் போனால் அந்த ஒன்றையும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன்.

நாங்கள் அதே 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி வில்லேஜ் போய் நாசி லெமாக் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்வரை பையன் சுரங்கத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.