ஓடைக் காவலுக்கு லாமோட் ஆக்சிஜன் கிட்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

சியாட்டில் பக்கம் சால்மன் ஓடைகளைக் காக்கும் தன்னார்வக் குழுக்கள் முதலில் வாங்க வேண்டியது நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும், லாமோட் நிறுவனத்தின் இந்த கிட்தான். பேட்டரி வேண்டாம், காலிபரேஷன் வேண்டாம். விங்க்ளர் முறை என்ற வேதிச்சோதனைதான் இது, சொட்டுப் பாட்டில்களும் சின்ன ஊசிக்குழாயும் போதும்.

கண்ணாடிப் பாட்டிலை ஓடைக்குள் முக்கி, உள்ளேயே மூடி திறந்து நிரப்பி, தட்டிக் குமிழ்களை விரட்டி, உள்ளேயே மூடுங்கள். பாதிப் பிழை இங்கேதான். ஒரு குமிழ் ஒட்டினாலும் அளவு கூடிவிடும். அடுத்து மாங்கனஸ் சல்ஃபேட் 8 சொட்டு, பொட்டாசியம் அயோடைடு அசைடு 8 சொட்டு விட்டுக் குலுக்கினால் திரிதிரியாக வீழ்படிவு வரும். செம்பழுப்பு என்றால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் மீனுக்கு மூச்சே இல்லை. அது பாட்டிலின் தோளுக்குக் கீழே படிந்தபின் கந்தக அமிலம் 8 சொட்டு. எல்லாம் கரைந்து மஞ்சளாகத் தெளிந்துவிட்டால், பிறகு காற்றுப் பட்டாலும் அளவு மாறாது.

அதில் 20 மி.லி. எடுத்து, மஞ்சளை வெளுக்கவைக்கும் தயோசல்ஃபேட் கரைசலை ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைக்கோல் நிறம் வந்த பிறகே ஸ்டார்ச், நீலமாகும். முன்பே விட்டால் மஞ்சளுக்குக் காரணமான அயோடின் அதோடு இறுகிக்கொண்டு நீலம் லேசில் போகாது. நீலம் மறையும்போது ஊசிக்குழாய் காட்டும் எண்தான் விடை, பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு); கொஞ்ச நேரத்தில் நீலம் திரும்ப எட்டிப்பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள். குளிர்ந்த ஓடையில் 10 பிபிஎம்மைத் தாண்டும். ஊசிக்குழாயின் அளவு 10-இல் முடிந்துவிடும், அதை மறுபடி நிரப்பி, வரும் அளவோடு 10-ஐக் கூட்டுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கழிவை ஓடையில் ஊற்றவே கூடாது, தனிப் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

வெப்பமானி இல்லாமல் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. 10 டிகிரி செல்சியஸ் நீர் சுமார் 11.3 பிபிஎம் தாங்கும், 20 டிகிரியில் 9.1தான். நண்பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் அளவு உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். விடியலுக்குச் சற்று முன் எடுப்பதே உண்மை நிலை.

ஆனால் சியாட்டிலின் லாங்ஃபெல்லோ ஓடையில் கோஹோ என்ற சால்மன் வகைப் பெண் மீன்கள் வயிற்று முட்டையோடு சாவது ஆக்சிஜன் குறைவால் அல்ல. கார் டயரிலிருந்து மழையோடு வரும் 6பிபிடி-குவினோன் என்ற நச்சுதான் கொல்கிறது என்று 2020-இல் தெரியவந்தது. இந்த கிட்டுக்கு அது தெரியாது, ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும். இருந்தாலும் மழை நாளில் அளந்து வையுங்கள். ஆக்சிஜன் நிறைவாக இருந்தும் கோஹோ வாய் பிளந்து சுழன்றால், நேரத்தோடு எழுதிய அந்த எண்ணும் இறந்த மீன்களின் கணக்கும் கையில் இருக்கட்டும். சாலை நீரை மண்ணில் வடிகட்டி விடுங்கள் என்று நகராட்சியிடம் கேட்கும்போது அதையே காட்டலாம்.