கடை கட்டும் நேரம்: நான்கரை ஆண்டுகளாக நான் பின்பற்றும் நாள் ஒழுங்கு

சுயதொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். இன்று என்னை யாராவது கேட்டால், மாலையில் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துகிறீர்கள், எப்படி நிறுத்துகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். என் நாள் ஒழுங்குக்குள் வந்தது அந்த முனையிலிருந்துதான்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். அலுவலக வேலையை விட்டபோது, நேரம் முழுவதும் இனி என் கையில் என்று நம்பினேன். முதல் ஆண்டில் நடந்தது வேறு. பகலில் உட்கார்ந்தால், இரவு இருக்கிறதே என்ற நினைப்பில் கை ஓடாது. இரவில் உட்கார்ந்தால், பகலை வீணாக்கிவிட்டோமே என்ற உறுத்தலில் மனம் நிற்காது. இரண்டு மணி நேர வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பரவிக் கிடந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கும் நான் எப்போது வேலையில் இருக்கிறேன், எப்போது இல்லை என்பது தெரியவில்லை. எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதிகாலை நாலரைக்கு எழும் பழக்கத்தை மூன்று வாரம் முயன்றேன். எழுந்தேன், வேலையும் நடந்தது. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குத் தலை நிமிரவில்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் பணிப்பட்டியல் போட்டதில், பட்டியல்தான் வளர்ந்தது. பிறகு ‘பொமொடோரோ’ முறை. 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உருவாக்கியது இது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவேளை. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும் பில் போடவும் இதைப்போல உதவும் முறை இல்லை. இன்றும் பிற்பகலில் அதையே வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்புக்கு மட்டும் ஒத்துவரவில்லை. ஒரு நீண்ட வாக்கியம் பிடிபட்டு, வினைமுற்று எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த நொடியில் மணி அடிக்கும். ஐந்து நிமிடம் கழித்து வந்தால் வாக்கியம் கலைந்திருக்கும். அதனால் காலையில் 75 நிமிடமாக இரண்டு அமர்வு, நடுவில் அரை மணி நேரம் எழுந்து நடப்பது என்று மாற்றிக்கொண்டேன்.

உண்மையான திருப்பம் தற்செயலாக வந்தது. ஒரு பம்புக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் பாதியில் அவசரமாக வெளியே கிளம்ப வேண்டியிருந்தது. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் இப்படி எழுதினேன்: “பக்கம் 112, மூன்றாவது பத்தி. அழுத்தம் குறையும்போது வால்வு தானாக மூடும். ‘தானாக’வை முன்னால் கொண்டுவா. 98-ஆம் பக்கத்தில் ‘அடைப்பிதழ்’ என்று போட்டிருக்கிறேன், ‘வால்வு’ என மாற்று.” மறுநாள் காலை சீட்டைப் பார்த்தேன், உட்கார்ந்தேன், எழுதினேன். வழக்கமாக வேலைக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அன்று பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் மாலை 5.40-க்கு மேசைக் கடிகாரம் அடிக்கிறது. அதன் பிறகு புதிதாக எதையும் தொடங்குவதில்லை. இருபது நிமிடம் மூடுவதற்கு மட்டும். செய்த கோப்புகளை இன்னொரு வட்டில் நகலெடுப்பேன். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் குறிப்பேன். நாளைக்குச் செய்ய வேண்டியவை மூன்று, அதற்கு மேல் இல்லை. கடைசியாகச் சீட்டு. “நான்காம் அத்தியாயத்தைத் தொடர வேண்டும்” என்று எழுதினால் அது சீட்டே அல்ல. அதைப் படித்துவிட்டு மறுபடியும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும். கை நேராகப் போக வேண்டிய இடமும் முதல் அசைவும் அதில் இருக்க வேண்டும். சீட்டை விசைப்பலகையின் மேல் வைத்து மடிக்கணினியை மூடுவேன். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கடை கட்டுவது. “அம்மா, கடை கட்டியாயிற்றா?” என்று என் மகள் கேட்பாள். ஆயிற்று என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆயிற்றுதான்.

இதற்கு ஆய்வுப் பின்னணி இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை ‘கவன எச்சம்’ என்று 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் விளக்கினார். 2018-ல் அவரும் தெரசா க்ளோம்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போனவர்களிடம் அந்த எச்சம் குறைந்திருந்தது. என் துண்டுச் சீட்டும் அதுதானே! அதே 2018-ல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளம் வயதினரை உறக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தது. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது. நான் படுக்கும் முன் எழுதுவதில்லை. ஆனாலும் இரவு விழித்து “அந்தக் கோப்பை அனுப்பினோமா” என்று எழுந்து பார்க்கும் பழக்கம் சில மாதங்களிலேயே என்னைவிட்டுப் போய்விட்டது.

நிமிடக் கணக்கு எழுதுவது எனக்குத் தந்தது வேறொரு நன்மை. ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம் என்று சொல்லித்தான் வேலை வாங்குவேன். ஆறு மாதக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தால் 55 வந்தது. முன்பு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்திருந்தும் அடுத்த வேலைக்குக் குறைத்தே மதிப்பிடும் இந்த இயல்பை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். இப்போது நோட்டைப் பார்த்துத்தான் கெடு சொல்கிறேன். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின; அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரவு பத்து மணிக்கு, “இப்போதே வேண்டும்” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு, மறுநாள் காலை எட்டரைக்கு மட்டுமே பதில் அனுப்பத் தொடங்கினேன். முதல் மாதம் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே, “நாளைக் காலையில் பார்த்தால் போதும்” என்று எழுத ஆரம்பித்தார்.

ஒழுங்கு இடையில் அறுந்ததும் உண்டு. ஒரு முறை பதினோரு நாள் காய்ச்சல். எழுந்து வந்தபோது எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் மேசையில் அந்தப் பழைய சீட்டு அப்படியே இருந்தது, அதிலிருந்தே தொடங்கினேன். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய எடுத்த நாட்களின் நடு அளவு 66; ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, வரவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு 5.40 மணி படிய ஐந்து மாதம் ஆனது.

அழைப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டிய தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நேரக்கட்டம் பொருந்தாது. அவர்களும் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மணி தேவையில்லை.

இந்த முறை எனக்கு இன்னும் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது: வேலையே வராத வாரங்கள். சுயதொழிலில் அவை வரத்தான் செய்யும். நோட்டில் எழுத ஒன்றும் இல்லாதபோது 5.40 மணி அடிப்பதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். முன்பெல்லாம் அந்த நாட்களில் கடிகாரத்தை அணைத்துவிடுவேன். கடந்த இரண்டு மாதமாக அணைப்பதில்லை. பழைய மொழிபெயர்ப்புகளிலிருந்து கலைச்சொற்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். வேலை இல்லாத நாளில் சீட்டில் அதுதான் இருக்கும். நேற்றைய சீட்டு: “‘ப’ வரிசை, பல்சக்கரத்திலிருந்து. பற்சக்கரம் என்று இரண்டு கையேட்டில் இருக்கிறது, எது வேண்டும் என்று முடிவு செய்.” இன்று காலை அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. பற்சக்கரத்தையே வைத்துக்கொண்டேன்.